வலியில்லாத செங்கண்மாரி

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மூன்று கிழமையாகக் கண் மஞ்சள். வலியோ காய்ச்சலோ இல்லை. அரிப்பு மட்டும் தாங்க முடியவில்லை, ஆளும் மெலிந்துவிட்டார். இரத்தத்தில் பிலிருபின் 9.4, அதில் டைரக்ட் 7.6, ஏ.எல்.பி. 612, ஏ.எல்.டி. 88. கீழாநெல்லி கொடுத்து, உப்பு, எண்ணெய் சேர்க்காத பத்தியம் வைத்திருக்கிறோம். இன்னும் எத்தனை நாள் கொடுக்கலாம்? ஆபரேஷன் என்றால் கத்தி பட்டு நோய் பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: இனி ஒரு நாளும் வேண்டாம். வலி இல்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் எங்களைப் பயமுறுத்துவதே அதுதான்.

ஈரல் வீங்கி வரும் செங்கண்மாரியில், ஈரல் கலங்கள் சேதமாகும்போது இரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி. பெரும்பாலும் பல நூறு, ஆயிரம் என்று ஏறும். அப்பாவுக்கு அது கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. ஏறியிருப்பவை, ஈரல் பித்தத்தில் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் பொருளான டைரக்ட் பிலிருபினும், பித்த வழி அடைபட்டால் கூடும் ஏ.எல்.பி.யும். ஈரலிலிருந்து இறங்கும் பித்தம் வழியில் எங்கோ அடைபட்டிருப்பதன் அடையாளம் இது. சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்திலும் மலம் வெளிறிய களிமண் நிறத்திலும் போகிறதா என்று இன்றே பாருங்கள். பித்தம் இறங்கும் குழாயான பித்தக்கான், சதையியின் (கணையத்தின்) தலைப் பகுதிக்குள்ளால்தான் குடலுக்குப் போகிறது. கல் வந்து அடைத்தால் பெரும்பாலும் வலிக்கும். சதையியிலோ கானிலோ வளரும் கட்டி மெல்ல மெல்ல நெரிப்பதால் பலருக்கு வலிப்பதில்லை. அப்பாவுக்கு இருப்பது கட்டிதான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்கேன் செய்யாமல் யாரும் சொல்லவும் முடியாது.

இந்தக் கிழமைக்குள் நுவரெலியாவிலோ கண்டியிலோ பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு ஆறு மணித்தியாலம் வெறும் வயிறு வேண்டும். குடல் வாயு மறைப்பதால் சதையி பல தடவை அதில் தெரியாது. 'சதையி தெளிவாகத் தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டில் இருந்தால், அங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. பித்தப்பையில் கல் இருக்கிறது என்று வந்தாலும் அதோடு நிற்காதீர்கள்; கல்லும் கட்டியும் ஒரே ஆளிடம் இருக்கலாம்.

கான் விரிந்திருந்தால் அடுத்தது மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன். அடைப்பைத் திறக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாயைக் கானுக்குள் வைக்கலாம் என்பார்கள். காய்ச்சல் இல்லாவிட்டால், சி.டி.யை முதலில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு அந்த இடம் வீங்கி, படம் குழம்பிவிடும். புற்றுநோய்க்காகப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையான சி.ஏ. 19-9 கூடியிருக்கிறது என்று பதறவும் வேண்டாம், அடைப்பு மட்டுமே அதை ஏற்றிவிடும். பித்தம் குடலுக்கு வராதபோது விட்டமின் கே உடம்பில் சேராது, இரத்தம் உறையத் தாமதமாகும். பல் துலக்கும்போது இரத்தம் வந்தாலோ, அஸ்பிரின் போன்ற மருந்து குடித்தாலோ டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அண்மையில் சீனி வருத்தம் பிடித்திருந்தால் அதையும்.

கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு, பிந்தி வந்தவர்களைப் பார்த்துப் பிறந்தது. அவர்களுக்குக் கத்தி படுவதற்கு முன்பே பரவியிருந்தது. சதையித் தலைக் கட்டியை முழுதாகக் குணமாக்க வாய்ப்புத் தருவது ஆபரேஷன்தான். பெரிய இரத்தக் குழாய்களைக் கட்டி சுற்றிக்கொள்ளாத, வேறெங்கும் பரவாத நிலையில்தான் அதைச் செய்யலாம். மூன்று கிழமை ஏற்கெனவே போய்விட்டது.

பத்தியத்தையும் விடுங்கள். மெலியும் ஆளுக்கு முட்டை, மீன், பருப்பு எல்லாம் வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள்.

நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அடைபட்ட பித்தத்தில் கிருமி தொற்றியிருக்கிறது. கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். இரவென்றாலும் 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் ஏற்றுங்கள்.