மூணு வயசுப் பிள்ளையோட ஊர் சுத்துறது தண்டச் செலவா?

தங்கச்சி, மூணு வயசு மகளைக் கூட்டிட்டு ஊர் சுத்தினா அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, காசுதான் தண்டம்னு வீட்டுக்காரர் சொல்றார், போன தடவை கொடைக்கானல் பஸ்ல வாந்தி வேறன்னு எழுதியிருந்தீங்க.

ஞாபக விஷயத்துல அவர் சொல்றது பாதி சரி. மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது வளர்ந்தப்புறம் அநேகமா யாருக்கும் நினைவிருக்காது. ஆனா அப்பக் கத்துக்கிட்ட வார்த்தை எங்கயும் போகாது. என் மகனை அந்த வயசுல மதுரைப் பக்கத்துல இருக்கற கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிட்டுப் போனோம். தீர்த்தங்கரர் சிற்பத்தையெல்லாம் ஐயா ஏறெடுத்தும் பாக்கல. அடிவாரத் தாமரைக் குளத்துல இலைமேல தண்ணி உருண்டு ஓடுறதையே பாத்துட்டு நின்னான். "ஏன் ஒட்டல?"ன்னான். வீட்டுக்கு வந்து வாழையிலை, வெத்தலை, அப்பா சட்டைன்னு எல்லாத்துலயும் தண்ணி ஊத்திப் பாத்தாச்சு. சட்டைக்குத்தான் வீட்ல சண்டை.

வாந்திக்குப் பயப்படாதீங்க. ரெண்டு வயசுக்கு மேல பன்னிரண்டு வரைக்கும் பிள்ளைகளுக்கு அது சகஜம். மலை வளைவை இப்போதைக்கு விட்டுடுங்க. ராமேஸ்வரம் பாசஞ்சர்ல ஜன்னலோரம் உக்கார வைங்க; பாம்பன்ல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல கடல் மேலயே ரயில் போகும். செலவும் கம்மி. இல்லைன்னா அழகர்கோவில் பஸ் ஏறுங்க, மதுரையில இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். குரங்கு நிறைய, தின்பண்டப் பையை மட்டும் வெளிய காட்டிடாதீங்க.

ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்துட்டு மூணு கோயில் பாத்தா அழுகைதான் மிஞ்சும்.