கருவிழியில் பூஞ்சைப் புண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: பூஞ்சைக்குத் தந்த நாட்டமைசின் சொட்டு மருந்து பால் போல இருக்கிறது. கெட்டுவிட்டதா?

ப: இல்லை, அதன் இயல்பே அதுதான். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பின்பே விட வேண்டும். இல்லையெனில் மருந்து அடியில் தங்கி, தெளிந்த நீர் மட்டுமே கண்ணில் விழும். இமையோரத்தில் வெள்ளையாகப் படிவதும் அந்த மருந்தே.

கே: நெல் தூற்றும்போது கண்ணில் உமி பட்டது. மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தால் இரண்டு நாட்கள் சிவப்பு குறைந்தது. இப்போது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது. அதையே தொடரலாமா?

ப: கூடாது. அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருந்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆயினும் சிவப்பு அத்தனை விரைவில் அடங்கியது, அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்ற ஐயத்தைத் தருகிறது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்குமே தவிரப் பூஞ்சையைக் கொல்லாது. கண்ணின் எதிர்ப்பு தளர்ந்த அந்த நாட்களில் பூஞ்சை இழைகள் கருவிழிக்குள் ஆழமாக இறங்கிவிடுகின்றன. உமியும் கரும்புத் தோகையும் பட்ட கண்களோடு, கைக்கு வந்த சொட்டு மருந்தை ஒரு வாரம் விட்டுவிட்டு வருவோரை அறுவடைக் காலந்தோறும் பார்க்கிறேன். முதல் நாளே வந்திருந்தால் அவர்களில் பலருக்குப் பார்வை தப்பியிருக்கும் என்பதே என் ஆற்றாமை. மருத்துவர் புண்ணைச் சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சுரண்டிப் பார்க்காமல் சொட்டு மருந்து வேண்டாம்.

கே: கண் சிவந்திருக்கிறது. எந்தப் பூஞ்சை மருந்து விடலாம்?

ப: எத்தனை நாட்களாக, என்ன பட்டது, லென்ஸ் அணிபவரா என எதையும் எழுதாமல் மருந்தை மட்டும் கேட்பது முறையன்று. மீண்டும் சொல்கிறேன்: சுரண்டிப் பார்க்காமல் சொட்டு மருந்து வேண்டாம்.

கே: வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து புதியது, விலையும் அதிகம். அதுதானே சிறந்தது?

ப: அரவிந்த் கண் மருத்துவமனைகளில் சுமார் 320 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஒப்பீட்டில், வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசினே நல்ல பலன் தந்தது, குறிப்பாக ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் வேறுபாடு தெளிவாக இருந்தது.

கே: பத்து நாட்களில் வலி போய்விட்டது. நிறுத்திவிடலாமா?

ப: நிறுத்த வேண்டாம். முதலில் மணிக்கொரு முறை விட்டதை மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார். குறைந்தது மூன்று வாரங்கள், பலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

கே: மருத்துவமனையில் தயாரித்துக் கொடுத்த ஆம்ஃபோடெரிசின் சொட்டு மருந்தை எங்கே வைப்பது?

ப: ஃபிரிட்ஜில், வெளிச்சம் படாமல் வையுங்கள். ஆனால் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. லேபிளில் எழுதிய தேதி கடந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.