பல வருடம் போனாலும் பழசாகத் தெரியாத வீட்டுத் தரை எது?

உங்கள் கேள்வியில் "பத்து வருடம் கழித்து வருகிறவர்கள் பழைய மாடல் என்று சொல்லக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்காகத்தான் பதில் எழுத வந்தேன். டைல்ஸா, கிரனைட்டா, இப்போது எல்லோரும் போடுகிற டைட்டானியமா (அந்தப் பெயரில் விற்கிற ஒருவகைச் சீமெந்துப் பூச்சு) என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கட்டுவது ஊரில் ஒரு அளவான வீடு, காசில் பாதி வெளிநாட்டில் இருந்து வருகிறது, நிறத்தை முடிவு செய்கிறவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில் எனக்குத் தெரிந்து வீடு கட்டிய பலருக்கு நிலைமை இதுதான்.

என் பதில், சிவப்புச் சீமெந்து நிலம். (தரையை நாங்கள் நிலம் என்றுதான் சொல்வோம்.) சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

நாங்கள் இருப்பது விசுவமடுப் பக்கம். இங்கே நிலத்து ஃபேஷன் மாறின வேகத்துக்குச் சேலை ஃபேஷன்கூட மாறவில்லை. போர் நடந்த 90களில் வன்னிக்குள் சீமெந்து கொண்டுவரத் தடை. அதற்கு முதல் கட்டின கல்வீடுகளைத் தவிர மற்றதெல்லாம் மண் வீடு, சாணம் மெழுகின நிலம். 2002 இல் ஏ9 பாதை (கண்டி - யாழ்ப்பாண வீதி) திறந்த பிறகுதான் சீமெந்து தாராளமாக வந்தது. அடுத்த வருடம் அப்பா ஹோலுக்குச் சிவப்பு நிலம் போட்டார். அப்போது அதுதான் பெரிய எடுப்பு. போர் முடிந்து, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு டைல்ஸ் வந்தது. முதலில் ஒரு அடிச் சதுரம், நடுவில் பூப் போட்டது. அப்புறம் பழுப்புக் கோடு ஓடுகிற கிறீம் நிறம். அதற்குப் பிறகு முகம் தெரிகிற இரண்டுக்கு இரண்டு வெள்ளை. பிறகு மரப்பலகை மாதிரி அச்சடித்த நீட்டு டைல்ஸ். இப்போது சாம்பல் நிற டைட்டானியம். ஒவ்வொன்று வந்தபோதும் "இதுக்கு மேல ஒண்டும் வராது" என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு ஒரு வீட்டுக்குள் காலை வைத்தாலே அது எந்த வருடம் கட்டியது என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நீங்கள் பயப்படுவது அதற்குத்தானே? டைல்ஸில் பழசாவது அச்சடித்த படம். படமே இல்லாத நிலத்தில் வருடம் தெரியாது.

அப்பா போட்ட நிலத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். போரில் இடம்பெயர்ந்து போய் 2011 இல் திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை, சுவரில் பாதி இல்லை. வளவு முழுக்கப் பற்றை. கத்தியால் வெட்டிக்கொண்டு போனால் ஓரிடத்தில் மண்ணுக்குள் சிவப்பாகத் தெரிந்தது. அம்மா உடனே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பொச்சால் (தேங்காய் மட்டையால்) தேய்க்கத் தொடங்கிவிட்டா. ஒரு மூலையில் வேர் புகுந்து வெடித்திருந்தது, மற்றப்படி நிலம் அப்படியே இருந்தது. அதற்கு மேலேதான் தகரக் கொட்டில் போட்டு, வீட்டுத் திட்டம் வரும்வரை இருந்தோம். மழைக்குத் தறப்பாளுக்குள் சேற்றில் படுத்தவர்கள் எங்களைப் பார்த்து "உங்களுக்கு நிலமாவது இருக்கு" என்று சொன்னார்கள்.

பிறகு, இந்திய அரசின் உதவியில் நடந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தது. 550 சதுர அடி, கட்டம் கட்டமாக 5 லட்சத்து 50 ஆயிரம் இலங்கை ரூபாய். அந்தக் காசில் நிலம் வெறும் சாம்பல் சீமெந்துப் பூச்சோடு நின்றது. சில வருடம் கழித்து முன்பக்கம் ஹோலும் விறாந்தையும் நீட்டிக் கட்டினோம். கனடாவில் இருக்கும் அண்ணா உதவி செய்தார். சண்டையும் அங்கேதான் தொடங்கியது. அவருக்கு இரண்டுக்கு இரண்டு வெள்ளை மாபிள் (டைல்ஸைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்) வேண்டும். நான் சிவப்புத்தான் என்றேன்.

"நான் காசு அனுப்புறன், நீ ஏன் மாட்டுக் கொட்டில் மாதிரி நிலம் போடுறாய்?"

"அண்ணா, கூட்டித் துடைக்கிறது நான்."

மச்சாள் போனை வாங்கி, குடிபூரல் (புதுமனை புகுவிழா) வீடியோவில் வடிவாக இருக்காது என்றா. குடிபூரல் ஒரு நாள். நான் அந்த நிலத்தில் நடக்கப்போவது மிச்சக் காலம் முழுக்க. இதை மச்சாளுக்குச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

"காசு இல்லை, அதனால்தான் சிவப்பு" என்று ஒருவர் கீழே எழுதுவார், தெரியும். காசும் ஒரு காரணம்தான். ஆனால் நல்ல சிவப்பு நிலம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மலிவு இல்லை. டைல்ஸில் காசு பெட்டிக்குப் போகிறது, இதில் கைக்குப் போகிறது. அந்தக் கை கிடைப்பதுதான் இப்போது கஷ்டம். எங்களுக்கு வயதான ஒரு மேசன் ஐயா கிடைத்தார். இளம் மேசன்மார் எல்லோரும் "அக்கா, அதெல்லாம் இப்ப ஆரும் செய்யிறேல்ல, மாபிள் எண்டால் ரெண்டு நாளில முடிச்சுத் தாறன்" என்றுதான் சொன்னார்கள்.

ஐயா முதலில் அடியில் போடுகிற கிரவல் (சரளை மண்) நிரவலைத்தான் பார்த்தார். தண்ணீர் விட்டு இடித்து, காயவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு இடிக்கச் சொன்னார். இவர் (என் கணவர்) பொறுமை இழந்துவிட்டார். ஆனால் நிலம் வெடிப்பதும் டைல்ஸ் தாழ்வதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. வயலுக்குக் கிட்டக் களிமண் வளவு என்றால் இன்னும் கவனம். அந்த மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அதன் மேல் மூன்று அங்குலக் கொங்கிரீட். அதற்கு மேல் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சாந்து. சாந்து ஈரமாக இருக்கும்போதே சிவப்புத் தூளும் சீமெந்தும் கலந்த பூச்சு, பிறகு இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தி மினுக்குவது. சிவப்புத் தூள் என்பது அயன் ஒக்சைட், வெயிலுக்கு வெளிறாது. ஆனால் சீமெந்தின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் பூச்சுக்குப் பலம் குறையும். நிறம் தூக்கலாக வேண்டும் என்று அள்ளிக் கொட்டக் கூடாது.

ஐயா செய்த இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. முழு ஹோலுக்கும் தேவையான தூளையும் சீமெந்தையும் ஒரே தடவையில், தண்ணீர் விடாமல், கலந்து பைகளில் கட்டி வைத்துவிட்டார். அன்றன்றைக்குக் கலந்தால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நிறமாக வரும். பெரிய ஹோலை ஒரே விரிப்பாகப் போடாமல், நூல் பிடித்துக் கோடு விட்டுக் கட்டம் கட்டமாகப் போட்டார். வெடிக்கத்தான் போகிறது என்றால் கோட்டில் வெடிக்கட்டும் என்பது அவருடைய கணக்கு. முடிந்த பிறகு ஈரச் சாக்குப் போட்டு ஒரு கிழமைக்கு மேல் காயவிடாமல் வைத்திருந்தோம். கடைசியில் தேங்காய் எண்ணெய். இப்போதும் பண்டிகைக்கு முதல் கொஞ்சம் சிவப்புப் பொலிஷ் போட்டுப் பொச்சால் தேய்ப்பேன். புழங்கப் புழங்க மினுக்கம் கூடுகிறது. டைல்ஸ் பதித்த அன்றைக்குத்தான் அது மிக வடிவாக இருக்கும். இது வருடத்துக்கு வருடம் வடிவாகிறது.

சித்திரை வெயிலில் மத்தியானம் பாயும் போடாமல் பிள்ளைகள் அதில் படுத்துக் கிடக்கிறார்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கமும் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வடிந்ததும் சேற்றை வழித்துக் கழுவினோம், முடிந்தது. பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற ஒரு வெளிநாட்டுக்காரரின் வீட்டில், அங்கே போடுகிற மாதிரி என்று கொண்டுவந்து ஒட்டின மரப்பலகை நிலம் ஊதி மேலே கிளம்பிவிட்டது. எஞ்சியதைக் கறையான் பார்த்துக்கொண்டது. வன்னியில் மரநிலம் போட நினைக்கிறவர்கள் முதலில் கறையானிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இப்போது அண்ணா என்ன சொல்கிறார் என்று கேட்கிறீர்களா? போன முறை வந்தபோது அந்த நிலத்தில் இருந்து எடுத்த படத்தைத்தான் முகநூலில் போட்டார். மச்சாள் "ஹெரிட்டேஜ்" என்று எழுதினா. கட்டடக் கலை படிக்கிற அவர்களுடைய மகள், இலங்கையின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டின பெரிய வீடுகளிலும் மினுக்கின சீமெந்து நிலம் இருக்கிறது என்று சொன்னாளாம். பாவா சொன்னால் ஹெரிட்டேஜ், தங்கச்சி சொன்னால் மாட்டுக் கொட்டில். சரி, விடுங்கள்.

டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். குளியலறைக்கும் குசினிச் சுவருக்கும் நானும் டைல்ஸ்தான் போட்டேன். எல்லோருக்கும் நல்ல மேசன் கிடைக்க மாட்டார் என்பதும் தெரியும். கைப் பழக்கம் இல்லாதவரிடம் சிவப்பு நிலம் கொடுத்தால் திட்டுத்திட்டாக வந்து நிற்கும், அதற்கு டைல்ஸ் எவ்வளவோ மேல். டைட்டானியத்துக்கும் இதே கதைதான். அதுவும் கடைசியில் சீமெந்துப் பூச்சு, கீழே அசைந்தால் மேலே மயிர்க்கோடு விழும். படம் பார்த்து ஏமாறாமல், அதே ஆள் போட்டு இரண்டு மாரி கண்ட வீட்டை நேரில் போய்ப் பாருங்கள்.

டைல்ஸ்தான் என்றால் பூவும் வேண்டாம், பளிங்குக் கோடும் வேண்டாம், மரமும் வேண்டாம். ஒரே நிறம், மினுக்கம் இல்லாதது, மண்ணின் சாயலில் எடுங்கள். விறாந்தைக்குக் கட்டாயம் சொரசொரப்பானது. தூவானம் அடிக்கிற இடத்தில் வெள்ளை மினுக்கத்தைப் போட்டுவிட்டு வயதான மாமியை நடக்கச் சொல்லக் கூடாது. பெட்டியில் அச்சடித்திருக்கிற தொகுதி இலக்கமும் நிற இலக்கமும் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். வெட்டுக் கழிவுக்குப் பத்துக்கு ஒன்று கூட வாங்கி, வேலை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு பெட்டி மிச்சம் வையுங்கள். 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது பாதி வேலையில் நின்றவர்கள் அதே டைல்ஸைத் தேடி வவுனியா வரை போனார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே ஹோல் ஒரு நிறம், சாப்பாட்டறை இன்னொரு நிறமாக ஒரு வீடு இருக்கிறது.

பதிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். நடுவிலும் மூலையிலும் மட்டும் சாந்தை வைத்து அமத்திவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காய்ந்த பிறகு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், வெறுமையாகச் சத்தம் வருகிற இடம் ஒரு நாள் வெடிக்கும். போர்சலின் டைல்ஸ் தண்ணீர் குடிப்பது அதன் நிறையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு, அதனால் வெறும் சீமெந்துப் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று விற்கிற ஒட்டுப் பசையைத்தான் பாவிக்க வேண்டும். "இடைவெளியே தெரியாமல் பதிச்சுத் தாறன்" என்று பெருமையாகச் சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். எங்கள் வெயிலுக்கு டைல்ஸ் விரிய இடம் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு சேர்ந்து கூரை மாதிரித் தூக்கும். இடைவெளியில் நிரப்புகிற பூச்சை வெள்ளையில் எடுக்காதீர்கள், ஒரு மாரிக்குள் பழுப்பாகிவிடும்.

ஏன் பழுப்பாகிறது என்றால், எங்கள் உள்வீதி. ஒவ்வொரு தேர்தலுக்கும் கிரவல் கொட்டுகிறார்கள், அடுத்த மழைக்கு அது வாய்க்காலுக்குள் போகிறது. மிச்சத்தை இரவிரவாக ஓடுகிற மணல் டிப்பர்கள் கிளப்பிவிடுகின்றன. மணல் எங்கள் ஆற்றில் அள்ளுவது. ஹோலுக்கு மணல் எடுக்க அனுமதி, பற்றுச்சீட்டு, ஏற்றுகூலி என்று நாங்கள் அலைந்தோம். இரவில் எங்கள் வாசலால் ஓடுகிற டிப்பர்காரரிடம் எந்தப் பற்றுச்சீட்டையும் யாரும் கேட்டதாக நான் காணவில்லை. விடிய எழும்பினால் கதிரையில், சாமிப் படத்தில், கட்டிலில் எல்லாம் செம்புழுதி. முறைப்பாடு கொடுக்கப் போனால் வாகன இலக்கம் எழுதினீர்களா என்று கேட்கிறார்கள். இருட்டில், அந்தப் புழுதிக்குள் எப்படி எழுதுவது? சிவப்பு நிலத்தில் அந்தப் புழுதி உடனே தெரியாது என்பதும் நான் அதை விரும்ப ஒரு காரணம். தெரியாவிட்டாலும் கூட்டுகிறேன், அதற்கும் ஒருவர் கதை கட்ட வேண்டாம்.

கிரனைட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். படிக்கட்டுக்கும் குசினி மேசைக்கும் போடுங்கள், உழைக்கும். ஹோலுக்குக் கறுப்புக் கிரனைட் வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர், துடைத்துக் காய்ந்ததும் வெள்ளைப் படலம் நிற்கும். மறுபடி துடைத்தால் மறுபடி நிற்கும்.