இரணைமடுவில் ட்ரவுட் விடலாமா?

கேள்வி: கனடாவிலுள்ள என் மைத்துனர் இந்த வசந்தகாலத்தில் வழிகாட்டியுடன் படகில் சென்று ஒன்ராறியோ ஏரியில் ட்ரவுட், சமன் பிடித்த படங்களை அனுப்பியிருந்தார். இரணைமடுக் குளத்திலும் வவுனிக்குளத்திலும் அந்த மீன்களின் குஞ்சுகளை விட்டால், விடுமுறைக்கு ஊர் வரும் புலம்பெயர்ந்தோருக்கு நாமும் இத்தகைய பயணங்களை நடத்தலாமே? வெறும் திலாப்பியாவை வைத்துக்கொண்டு வன்னி எப்படி முன்னேறும்?
– வாசகர், வட்டக்கச்சி

பதில்: விடக் கூடாது. விட்டாலும் பிழைக்கமாட்டா. ட்ரவுட்டும் சமனும் குளிர்நீர் மீன்கள். ஏறத்தாழ 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரையான நீரில்தான் அவை நன்றாக இரையெடுக்கும். 25 பாகையை நெருங்கினாலே உயிருக்குப் போராடத் தொடங்கிவிடும். நமது குளத்து நீர் ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான் இருக்கிறது. 10 பாகை நீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் அளவில் ஒட்சிசன் கரையும்; 30 பாகையில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். பிரித்தானியர் இலங்கைக்கு ட்ரவுட்டைக் கொண்டுவந்தபோதும் நுவரெலியா மலைகளின் குளிர்ந்த ஓடைகளைத்தான் தேடிப் போனார்கள்.

படத்தில் மீனைப் பார்த்துவிட்டீர்கள். அந்த மீன் இருந்த இடத்துக்கு உங்கள் மைத்துனரை அழைத்துப் போன படகோட்டியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அந்தப் பயணமே அவருடைய அறிவில்தான் நடக்கிறது. பனி உருகும் சித்திரை, வைகாசியில் அந்த ஏரியின் நடுப்பகுதி குளிர்ந்தே கிடக்கும். ஆழமற்ற கரையோரமும் ஆற்று முகங்களும்தான் முதலில் சூடேறும். அந்தச் சூட்டை நாடிச் சிறுமீன்கள் வரும், அவற்றை நாடிப் பெரியவை வரும். வழிகாட்டி வெப்பமானியில் கண் வைத்தபடி, இரண்டொரு பாகை சூடு கூடிய நீரைத் தேடுகிறார். கலங்கிய ஆற்று நீர் தெளிந்த ஏரி நீரைத் தொடும் விளிம்போடு படகை மெல்ல நகர்த்தி, பளபளக்கும் தகட்டுத் தூண்டிலைப் பின்னால் இழுத்துச் செல்கிறார். மீன் ஆழத்தில் இருந்தால் ஈயக்குண்டின் துணையோடு அதை இறக்குகிறார். காற்றுத் திசை மாறினால் சூடான நீரும் இடம் மாறும். முதல் நாள் மீன் கிடைத்த இடத்தில் மறுநாள் ஒன்றும் இருக்காது.

அங்கும் குஞ்சு விட்டுத்தானே வளர்த்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஒன்ராறியோ ஏரிக்குச் சொந்தமான அத்திலாந்திக் சமனை அணைகளாலும் காடழிப்பாலும் மிதமிஞ்சிய மீன்பிடியாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அழித்துவிட்டார்கள். இன்று அங்கே பிடிபடும் சினூக், கோஹோ சமன்கள் பசிபிக் கரையைச் சேர்ந்தவை. 1960களின் பிற்பகுதியில் ஒன்ராறியோ உள்ளிட்ட வட அமெரிக்கப் பேரேரிகளில் பெருமளவில் விடப்பட்டவை. அன்று முதல் இன்று வரை குஞ்சுப் பண்ணைகளை நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். விலாங்கு போலத் தோன்றும் ஒட்டுண்ணியான லாம்பிரே பேரேரிகளின் ட்ரவுட்டை இரத்தம் உறிஞ்சி அழித்ததால், 1955இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓர் ஆணைக்குழுவையே அமைக்க வேண்டியிருந்தது. சொந்த மீனைத் தொலைத்தவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை இது. நாம் இன்னும் தொலைக்கவில்லை. நமது குளங்களில் விரால் இருக்கிறது.

விரால் குஞ்சு பொரித்திருக்கும்போது அலைகரைப் பக்கம் போய்ப் பாருங்கள். தாமரையும் புல்லும் அடர்ந்த இடத்தில் செம்மஞ்சள் குஞ்சுகள் ஒரே கூட்டமாக மேலே வந்து காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளே போகும். கூட்டம் வந்த இடத்தில் நீர் கொதிப்பதுபோல் துடிக்கும். அதன் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் தவளை வடிவத் தூண்டிலைப் போட்டால் பசிக்காக அல்ல, குஞ்சைக் காக்கப் பாய்ந்து கடிக்கும். பெற்ற மீனைத் தூக்கிவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகும். நல்ல வழிகாட்டி அங்கே தூண்டில் போட விடமாட்டார். இதை எங்கள் குளத்து மீனவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மாலையில் வலை விரித்து விடியுமுன் எடுப்பவர்கள் அவர்கள். துருசு (மதகு) திறந்தால் மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும், குளம் நிரம்பி வான் பாயும்போது எது எங்கே ஏறும், எந்த மூலையில் முதலை கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

திலாப்பியாவைத் தாழ்த்தி எழுதியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், 1952இல். ஆனால் அது நமது சூட்டைத் தாங்கியது. காணியில்லாத பல குடும்பங்களின் உலை அதனால்தான் கொதிக்கிறது. 1990 முதல் 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்கு ஆதரவை நிறுத்தியபோதும் இந்த மீனவர்கள் குளத்தை விட்டுப் போகவில்லை.

பயணம் நடத்தும் உங்கள் எண்ணம் நல்லது. அதை ஒரு விடுதிக்காரரிடமோ வெளிநாட்டு முதலீட்டாளரிடமோ கொண்டுபோகாதீர்கள். நன்னீர் மீனவர் சங்கத்திடம் கொண்டுபோங்கள். வள்ளமும் வழிகாட்டியும் சங்கத்துடையவையாக இருக்கட்டும், கட்டணமும் அங்கேயே போகட்டும். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியைப் பெறுங்கள். நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கமக்காரர் அமைப்புகளையும் கேட்காமல் குளத்தில் எதையும் தொடங்க வேண்டாம். உங்கள் மைத்துனரின் மாகாணத்தில் 18 முதல் 64 வயது வரையானவர்கள் பொதுவாக அனுமதிச்சீட்டு இல்லாமல் தூண்டில் போட முடியாது; இன்ன மீன் இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. அங்கே அதற்குக் கட்டுப்படுகிறவர் இங்கே சங்கம் விதிக்கும் வரம்புக்கும் கட்டுப்படுவார்.

அடுத்த முறை அவரை மாசி, பங்குனியில் வரச் சொல்லுங்கள். அதன் பிறகு தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வலுத்துவிட்டால் இரணைமடுவின் நடுவில் சிறு வள்ளத்தை நிறுத்துவது கடினம். பிடித்த மீனை எளிதில் விடுவிக்க எதிர்முள் இல்லாத தூண்டில்களையும், வள்ளத்தில் ஏறும் எல்லோருக்கும் போதுமான உயிர்காப்பு அங்கிகளையும் கொண்டுவரட்டும்.