ட்ரினோ – சூப்பர்செட் இணைப்பு: வாசகர் கேள்விகள்

(ட்ரினோ: பல தரவு மூலங்களில் எஸ்க்யூஎல் குவெரி, அதாவது தரவுக் கேள்வி, ஓட்டும் இயந்திரம். சூப்பர்செட்: அந்தத் தரவைச் சார்ட்களாகவும் டாஷ்போர்டுகளாகவும் காட்டும் மென்பொருள்.)

கேள்வி: சூப்பர்செட்டின் டேட்டாபேஸ் பட்டியலில் ட்ரினோ இல்லாததால், சூப்பர்செட் ஓடும் டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருள் தனித்து ஓடும் பெட்டி) போய் டிரைவரை (ட்ரினோவோடு பேச உதவும் பேக்கேஜ்) நிறுவினேன். இப்போது பெயர் வருகிறது. ஆனால் இணைப்பு மறுக்கப்படுவதாகப் பிழை காட்டுகிறது. ட்ரினோவும் அதே கணினியில், டாக்கரில்தான் ஓடுகிறது.

பதில்: நீங்கள் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்திருப்பீர்கள். கன்டெய்னருக்குள் அந்தப் பெயர் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். அங்கே ட்ரினோ இல்லை. இரண்டு கன்டெய்னர்களையும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் சேர்த்து, ட்ரினோ கன்டெய்னரின் பெயரையே சர்வர் பெயராகக் கொடுங்கள். முகவரியின் வடிவம் இது (எழுதும்போது ஆங்கில எழுத்தில்):

ட்ரினோ://பயனர்@சர்வர்:8080/கேட்டலாக்/ஸ்கீமா

கேட்டலாக் என்பது ட்ரினோவில் அமைத்த தரவு மூலம். ஸ்கீமா அதற்குள் இருக்கும் அட்டவணைத் தொகுப்பு.

போர்ட் எண்ணிலும் பலர் இடறுகிறார்கள். வெளியே 8081 என்று திறந்துவிட்டிருந்தாலும், நெட்வொர்க்குக்குள் பேசும்போது ட்ரினோ உள்ளே கேட்கும் 8080தான் பொருந்தும். பயனர் பெயரை விட்டுவிடக் கூடாது. பாஸ்வேர்டு வைக்காத சர்வருக்கும் அது வேண்டும்.

டிரைவரைப் பொறுத்தவரை, நீங்கள் செய்தது தற்காலிகம்தான். கன்டெய்னரை மறுபடி உருவாக்கினால் அது போய்விடும். சூப்பர்செட் இமேஜின் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) மேல் பைத்தானின் ட்ரினோ பேக்கேஜைச் சேர்த்து, சொந்த இமேஜ் கட்டிவிடுங்கள். செலரி வொர்க்கருக்கும் (சூப்பர்செட்டின் வேலைகளைப் பின்னணியில் செய்யும் பகுதி) அதே இமேஜைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: பாஸ்வேர்டைச் சேர்த்ததும் எஸ்எஸ்எல் பிழை வருகிறதே?

பதில்: முகவரியில் பாஸ்வேர்டு இருந்தால் டிரைவர் தானாகவே எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிடும். எதிரே 8080இல் வெறும் எச்டிடிபி இருந்தால் கைகுலுக்கலே (பாதுகாப்பான இணைப்பின் தொடக்க உடன்பாடு) நடக்காது. ட்ரினோவும் பாஸ்வேர்டைப் பாதுகாப்பான இணைப்பில்தான் ஏற்கும். ஆகவே சர்வரில் முதலில் டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லின் இன்றைய வடிவம்) அமையுங்கள், போர்ட் வழக்கமாக 8443. சொந்தமாக உருவாக்கிய சான்றிதழ் என்றால், அதன் கோப்புப் பாதையை 'வெரிஃபை' என்ற இணைப்பு அளவுருவில் கொடுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடுவது சோதனைக் கணினியோடு நிற்கட்டும். பாஸ்வேர்டில் @ குறி இருந்தால் %40 என்று மாற்றி எழுத வேண்டும். இல்லையேல் முகவரி தவறாகப் பிரியும்.

லோடு பேலன்சருக்குப் (கோரிக்கைகளை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் இடைநிலை) பின்னால் ட்ரினோ இருந்து 406 பிழை வந்தால், அது சேர்த்து அனுப்பும் ஃபார்வர்டட் ஹெடர்களை ஏற்கும் அமைப்பை கோஆர்டினேட்டரில் (ட்ரினோவின் தலைமை சர்வர்) இயக்குங்கள்.

கேள்வி: இணைப்பு சரி. ஆனால் டாஷ்போர்டு திறக்க வெகுநேரம் ஆகிறது. சில சார்ட்கள் டைம்அவுட் ஆகின்றன.

பதில்: டைம்அவுட் அளவை உடனே கூட்டாதீர்கள். 15 சார்ட் உள்ள டாஷ்போர்டு ஏறக்குறைய 15 குவெரிகளை அனுப்பும். ட்ரினோ தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்து படிக்கிறது. எனவே எவ்வளவு படிக்கிறது என்பதுதான் முக்கியம். ட்ரினோவின் வெப் பக்கத்தில் மெதுவான சார்ட்டின் குவெரியைத் திறந்து, படித்த தரவின் அளவைப் பாருங்கள். ஒரு நாளுக்கான சார்ட் முழு அட்டவணையையும் படித்தால், சூப்பர்செட்டின் நேர வடிகட்டி பார்ட்டிஷன் நெடுவரிசையில் (அட்டவணையைப் பகுதிகளாகப் பிரிக்கும் நெடுவரிசை) விழவில்லை என்று பொருள். அட்டவணை தேதிவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்க, வடிகட்டி வேறொரு டைம்ஸ்டாம்ப் நெடுவரிசையில் இருக்கும். பார்ட்டிஷன் நெடுவரிசையிலும் ஒரு வடிகட்டி சேர்த்தால் பெரும்பாலும் தீரும். அடுத்து சூப்பர்செட்டில் ரெடிஸ் கேஷ் (முன்பு வந்த விடைகளைச் சேமித்து மறுபடி தரும் நினைவகம்) அமையுங்கள். அதன் பிறகும் நீளும் குவெரிகளை மட்டும், எஸ்க்யூஎல் லேபில் (சூப்பர்செட்டில் குவெரி எழுதும் பக்கம்), செலரி வழியாகப் பின்னணியில் ஓட விடுங்கள்.