ஃபார்மேட் செய்த கணினியில் மென்பொருள்களை வேகமாக நிறுவ: கேள்வி பதில்

கே: விண்டோஸ் புதிதாகப் போடப் போகிறேன். முப்பது மென்பொருள்களையும் ஒவ்வொன்றாக நிறுவ வேண்டுமா?

ப: வேண்டாம். விண்டோஸ் 11-இல் 'விங்கெட்' கூடவே வருகிறது; கட்டளை கொடுத்தால் மென்பொருளை நிறுவும் கருவி அது. அதன் 1.0 பதிப்பை மைக்ரோசாஃப்ட் 2021-இல் வெளியிட்டது. டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) 'விங்கெட் இன்ஸ்டால்' என்று அடித்து மென்பொருளின் பெயரைக் கொடுத்தால் இறக்கி நிறுவிவிடும். ஆனால் அதன் அருமை பழைய கணினியில்தான் தெரியும். ஃபார்மேட் செய்யும் முன் 'விங்கெட் எக்ஸ்போர்ட்' கொடுங்கள். நிறுவியவற்றின் பட்டியல் ஒரு ஜேசான் கோப்பாக (சாதாரண எழுத்துக் கோப்புதான்) வரும். புதியதில் 'விங்கெட் இம்போர்ட்' கொடுத்துவிட்டு எழுந்து போகலாம். விங்கெட் மென்பொருள்களை எடுக்கும் இணையக் களஞ்சியத்தில் இல்லாதவை பட்டியலில் ஏறாது. எவை விடுபட்டன என்று திரையிலேயே காட்டும், குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், பட்டியலைப் பென்டிரைவில் வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு அதையே ஃபார்மேட் செய்தவன் சொல்கிறேன்.

கே: கட்டளை என்றாலே பயம்.

ப: நைனைட் தளத்தில் வேண்டியதை டிக் செய்யுங்கள், ஒரே கோப்பாகத் தரும். நடுவில் நுழையப் பார்க்கும் டூல்பார்களை அதுவே மறுத்துவிடும்.

கே: மேக்கில்?

ப: ஹோம்ப்ரூ, விங்கெட் மாதிரியே ஒரு கருவி. அதில் 'ப்ரூ பண்டில் டம்ப்' கொடுத்தால் பட்டியல் தரும்.

கே: புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால்?

ப: பெரும்பாலானவை ஓடாது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் பதிவுகள் அதோடு சேர்ந்து வராது. நிறுவாமலே ஓடும் போர்ட்டபிள் மென்பொருள்கள் மட்டும் விதிவிலக்கு.

கே: எதற்கு இந்தச் சுற்று? க்ளோன்ஸில்லா என்ற மென்பொருளில் டிஸ்க் முழுவதையும் இமேஜ் (அச்சு அசல் நகல்) எடுத்தால் முடிந்தது.

ப: அதே கணினி என்றால் இமேஜ்தான் வேகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபார்மேட் செய்வதே குப்பையைக் கழிக்கத்தானே? அதையும் பத்திரமாக மூட்டை கட்டித் திரும்பக் கொண்டுவருகிறீர்கள்.

கே: சுத்தமாக நிறுவிய அன்றே எடுத்தால் குப்பை ஏது?

ப: சரி, நல்ல அடி. ஆனால் ஒரு வருடம் கழித்து அதை மீட்டால் எல்லாமே ஒரு வருடப் பழசு; உட்கார்ந்து அப்டேட் செய்ய வேண்டும். பட்டியலோ அன்றைய பதிப்பை இறக்கும். வேறு கணினிக்கு மாறினாலும் உதவும். இணையம் மந்தமாக இருப்பவர்களுக்கு உங்கள் வழி, மற்றவர்களுக்கு என் வழி.

கே: இம்போர்ட் செய்தால் செட்டிங்ஸ், லைசென்ஸ் எல்லாம் வருமா?

ப: வராது. லைசென்ஸ் எண்களையும், இரண்டடுக்குச் சரிபார்ப்பின் மீட்புக் குறியீடுகளையும் முன்பே எழுதி வையுங்கள். முன்பே.

கே: கிராக் செய்த மென்பொருளை...

ப: அடுத்தவர்.

கே: ஃபார்மேட் செய்தாகிவிட்டது. இப்போது பழைய பட்டியலை எடுக்க முடியுமா?

ப: முதல் பதிலைப் படித்தீர்களா?

கே: பட்டியல் எடுத்தேன் ஐயா. சி டிரைவில்தான் இருந்தது.

ப: கைகொடுங்கள். நைனைட்டுக்குப் போங்கள்.