வெட்டு ஒன்று, நீளம் வேறு

மதிப்பிற்குரிய ஐயா,

பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள், ஆளை அடையாளம் காண உதவும் டி.என்.ஏ. ரேகை பற்றிய பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். ஒரு நொதி எவருடைய டி.என்.ஏ.விலும் ஒரே எழுத்துவரிசையைத்தான் வெட்டும் என்றால், எல்லோருக்கும் ஒரே மாதிரித் துண்டுகள்தானே கிடைக்க வேண்டும்? என்னால் விடை சொல்ல முடியவில்லை.

சுந்தரி

அன்புள்ள சுந்தரி,

உங்கள் மகளின் சந்தேகம் மிகச் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. பாடநூல்கள் பெரும்பாலும் அந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம்.

ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள் எனப்படும் இந்த வெட்டும் புரதங்கள் பாக்டீரியாக்களின் காவல் ஏற்பாடு. உள்ளே நுழையும் வைரஸின் டி.என்.ஏ.வை வெட்டி, அதன் பெருக்கத்தை அவை கட்டுப்படுத்துகின்றன. கட்டுப்படுத்துதல் என்று பொருள்படும் அந்த ஆங்கிலப் பெயர் வந்ததும் அதனால்தான். தன் டி.என்.ஏ.வில் அதே எழுத்துவரிசை வரும் இடங்களில் பாக்டீரியா மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதியை ஒட்டிவைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. எழுத்துகள் என்பவை டி.என்.ஏ. இழையில் வரிசையாக அமைந்த ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு வகை வேதிக் கூறுகள். ஈகோ-ஆர்-1 என்னும் நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற ஆறெழுத்தைத் தேடி, இரண்டு இழைகளிலும் ஜி-க்கும் ஏ-க்கும் இடையே வெட்டுகிறது. எதிரிழையில் அந்த எழுத்துகள் மறுதிசையில் அதே வரிசையில் அமைந்திருப்பதால் வெட்டு நேர்கோட்டில் விழாமல், இருபுறமும் நான்கெழுத்து நீளும் ஒற்றையிழை முனைகள் மிஞ்சுகின்றன.

இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். கே.ஆர். மார்க்கெட்டில் மல்லிகைச் சரத்தின் நடுவே ஆங்காங்கே மருக்கொழுந்து வைத்துத் தொடுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருக்கொழுந்து வரும் இடங்களில் மட்டும் வெட்டச் சொன்னால், இரு மருக்கொழுந்துகளுக்கு நடுவே ஒரு சரத்தில் 20 மல்லிகையும் இன்னொன்றில் 35 மல்லிகையும் இருக்கும்போது, வெட்டும் விதி ஒன்றாக இருந்தும் துண்டுகளின் நீளம் வேறாகிவிடும். நம் டி.என்.ஏ.வில் சிறிய எழுத்துத்தொடர் ஒன்று அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் இருக்கின்றன. எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். நொதி அப்பகுதிக்கு இருபுறமும் வெட்டுகிறது. வேறுபாடு இடைப்பட்ட நீளத்தில் தெரிகிறது. சிலருக்கு ஓர் எழுத்து மாறி வெட்டுமிடமே அழிந்திருப்பதும் உண்டு. அப்போது இரண்டு துண்டுகள் ஒன்றாகவே நின்றுவிடும்.

ஆனால் வெட்டினால் மட்டும் போதாது. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட மனித டி.என்.ஏ.வில், கணக்குப்படி சராசரியாக 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை ஓர் ஆறெழுத்து வரிசை வரும் என்றால், பல லட்சம் துண்டுகள் விழும். அவற்றை ஜெல் என்னும் கூழ்மத்தில் மின்சாரம் செலுத்தி நீளவாரியாகப் பிரித்தால் ஒரே தீற்றலாகத்தான் தெரியும். திரும்ப வரும் தொடருடன் மட்டும் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க டி.என்.ஏ. துணுக்கைச் சேர்த்து, எக்ஸ்ரே படலத்தில் பதித்த பிறகே கோடுகள் வெளிப்படுகின்றன. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984 செப்டம்பரில் கண்டது அந்தக் கோடுகளைத்தான். பிள்ளையின் கோடுகள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்தவையாக இருந்தன. இந்தியாவில், கட்டுவிரியன் ஆய்விலிருந்து கிடைத்த துணுக்கைக் கொண்டு, ஹைதராபாத்தில் லால்ஜி சிங் இம்முறையை வளர்த்தெடுத்தார்.

மகளிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். இம்முறைக்குச் சிதையாத டி.என்.ஏ. கணிசமான அளவில் வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இன்றைய தடயவியல் ஆய்வகங்கள் பெரும்பாலும் நொதியால் வெட்டுவதில்லை. இன்னும் குறுகிய திரும்பல் பகுதிகளை பி.சி.ஆர். முறையில் பலமடங்கு பெருக்கி நீளத்தை அளக்கின்றன. அங்கும் ஆளை அடையாளம் காட்டுவது திரும்பல்களின் எண்ணிக்கைதான்.